மாப்பிள்ளை சமைத்தால் சாப்பிடக் கூடாது

என்றும் என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரி, மகள், நீ தேடிக் கொடுத்த மாப்பிள்ளை ஆகிய நால்வரும் உடம்பளவில் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் ஓரளவு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்கவில்லை என்றால் முதலில் முழங்காலைக் கவனி. அத்தானுடையது தானாக இறங்கும்.

போன வாரம் போனில் நீ, "மாப்பிள்ளை எப்படிடா இருக்கார்?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். "என்னடா ம்?" என்றாய். அப்போது மாப்பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி ஒன்றை இடுக்கியால் பிடித்து, சின்னத் தூரிகையால் அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? அந்த "ம்"முக்கு விளக்கவுரைதான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுமையாகப் படி.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நீ அவ்வளவெல்லாம் சிரமப்படவில்லை, ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "பையன் சாப்பாட்டு லைன்ல இருக்கான்டா. உன் பொண்ணு வயித்துக்கு வஞ்சனை இருக்காது" என்றாய். நானும் பையன் பெரிய ஓட்டலில் சமையல்காரர் என்று நினைத்து, வாயில் எச்சில் ஊறத் தலையாட்டிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தனிக்குடித்தனம் போய்விட்டதால் உண்மை வெளியே வரவில்லை. இப்போது அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கூரை ஊறி, மராமத்து முடியும்வரை இங்கே வந்து தங்கியிருக்கிறார்களே, அதற்கப்புறம்தான் தெரிந்தது. அக்கா, நம் மாப்பிள்ளை சாப்பாட்டைச் சமைப்பவர் இல்லை. சாப்பாட்டை அலங்காரம் செய்து போட்டோவுக்கு நிறுத்துபவர். கடையில் பாக்கெட்டுக்கு மேலேயும் ஓட்டல் பலகையிலேயும் பளபளவென்று சாப்பாட்டுப் படம் இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் இருப்பது இவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்கு அந்த ஏட்டுச் சுரைக்காயை வளர்ப்பதுதான் தொழிலே.

வந்த அன்றைக்கே கூடத்தில் கிழக்கு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "மாமா, இந்த வெளிச்சம் எங்க ஸ்டுடியோல கூடக் கிடைக்காது" என்றார். நான் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவன். மறுநாள் என் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் மூன்று உருண்டை வெண்ணிலா ஐஸ்கிரீம், அதன்மேல் செக்கச்செவேல் என்று ஒரு பழம். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. ஐஸ்கிரீமோ உருகாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மாமனாருக்கென்று எடுத்து வைத்திருக்கிறார், எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று உள்ளம் குளிர்ந்து, ஒரு பெரிய கரண்டி எடுத்து வாயில் போட்டேன். உள்ளம்தான் குளிர்ந்தது, வாய் குளிரவில்லை. மாப்பிள்ளை ஓடி வந்து, "ஐயோ மாமா, அது உருளைக்கிழங்கு!" என்றார். மசித்த கிழங்கில் நெய்யையும் சர்க்கரைத் தூளையும் பிசைந்து உருட்டியதாம். நிஜ ஐஸ்கிரீம் போட்டோ எடுப்பதற்குள் உருகிவிடுமாம். "அப்போ அந்தப் பழம்?" என்று கேட்டேன். "அது பழம்தான் மாமா. ஆனா மேல முடிக்கு அடிக்கிற ஸ்பிரே அடிச்சிருக்கேன்" என்றார். நான் பழத்தைத்தான் முதலில் முழுங்கியிருந்தேன்.

அதோடு விட்டதா? ஒருநாள் சாயங்காலம் மேஜைமேல் குவளையில் பால் இருக்கிறதே என்று டீயில் ஊற்றினேன், கரண்டி நட்டமாக நின்றது. பால் இல்லை, பசை. நிஜப் பாலில் போட்டால் கார்ன்பிளேக்ஸ் ஊறிப்போய்விடும் என்று வெள்ளைப் பசையில் மிதக்க விடுவாராம். தேன் என்று நான் ரொட்டியில் தடவப் போனது வண்டிக்கு ஊற்றும் எண்ணெய். முப்பது வருஷத்துக்கு மேல் லிப்ட் ரிப்பேர் செய்தவன் நான், கிரீஸும் எண்ணெயும் என் கையில் ஒட்டாத நாளில்லை. அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு எண்ணெய் ஏமாற்றிவிட்டது என்றால் பார்த்துக்கொள். இதற்கிடையே எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதால் அவருக்கு இங்கே நோட்டீஸ் என்றே பேர். உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வருகிறது என்று புகார் சொல்ல வந்தவர், அந்தப் புகை சூப்புக்கு ஆவி மாதிரி காட்டுவதற்காக மாப்பிள்ளை விட்டது என்று நான் விளக்குவதற்குள், பேசிக்கொண்டே மேஜைமேல் இருந்த பர்கர் பன்னை எடுத்துக் கடித்துவிட்டார். பன்னுக்குள் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே அட்டை, அட்டை நகராமல் இருக்க ஊசி. நல்லவேளை, கடித்தது கட்டுப்பல். மனுஷர் கோபப்படவில்லை. அட்டையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதானே, கடையில வாங்கறது ஏன் படத்துல இருக்கற மாதிரி உசரமா இல்லைன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சது" என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய ரகசியம் தெரிந்த முகத்தோடு போனார்.

இதெல்லாம் சிரிப்பு. இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் போனில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று பயம்.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கே வீட்டுக்காரியிடம், "இனிமே உனக்கும் ஓய்வு. அடுப்படி என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன் அல்லவா. அவளுக்கு வயிற்றில் புண் இருப்பதால் காரம், எண்ணெய், புளிப்பு எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் லிப்டு பார்த்த கையோடு சமையலையும் விதிமுறைப்படி செய்பவன். சோறு, அவித்த முட்டை, அவித்த காலிஃபிளவர், முள் எடுத்த மீன், தயிர் என்று வயிற்றுக்கு ஒரு குறையும் வராதபடி செய்து, அவளுக்குப் பிடித்த அந்தப் பெரிய பீங்கான் தட்டில் போட்டுக் கொடுப்பேன். ஆனால் சில மாதமாகவே அவள் சாப்பாடு குறைந்துகொண்டு வந்தது. சோற்றில் பாதி அப்படியே இருக்கும். முட்டை தொடாமல் கிடக்கும். "ஏன், நல்லா இல்லையா?" என்றால், தட்டைக் குனிந்து பார்த்து, ஒரு நொடி யோசித்து, "போதுங்க, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கன்னம் ஒட்டிப்போனது. பேச்சும் குறைந்தது. அவளைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல. மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க" என்றார். அக்கா, ஒரு சமையல்காரனை அதைவிடக் கேவலமாக யாரும் திட்ட முடியாது. வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் நின்றேன், கை ஓடவில்லை. இவ்வளவு நாளாக அவள் என் மனசு நோகக் கூடாதென்று பட்டினி கிடந்து உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறாளா என்று நினைத்தபோது, வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்த வெள்ளைத் தட்டு மொத்தத்தையும் ஏதோ ஓட்டல் பலகைக்குப் படம் எடுக்கவென்று ஸ்டுடியோவுக்கு வாரிக்கொண்டு போய்விட்டார். கேட்காமல் எடுத்துப் போகவில்லை, கேட்டார். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்றிருக்கிறேன். மத்தியானம் பரிமாறப் போனால் ஒரு தட்டு இல்லை. கோபத்தோடு அவருடைய பெட்டியைக் குடைந்ததில் கருநீலத்தில் ஒரு மண்தட்டு கிடைத்தது. வேறு வழியில்லாமல் அதில் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி. முட்டையும் இல்லை, மீனும் இல்லை, ஒரு பருக்கை இல்லை. "கொஞ்சம் சோறு இருக்கா?" என்று வேறு கேட்டாள். அக்கா, எங்கள் மகள் முதல்முதலாக நடந்தபோது கூட நான் அப்படி அசையாமல் நின்றதில்லை. கரண்டியும் கையுமாக நின்றேன். இரண்டாவது தடவை போட்டேன். அதுவும் போனது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மீனில் புதிதாகத் துளி இஞ்சி சேர்த்திருந்தேன். சரி, இஞ்சிதான் மருந்து என்று முடிவு கட்டிவிட்டேன். மகளிடமும் மாப்பிள்ளையிடமும், நடையில் எதிரே வந்த நோட்டீஸிடமும் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் வெள்ளைத் தட்டுகள் வீடு திரும்பிவிட்டன. நான் இஞ்சியைக் கூட்டினேன். அவள் பாதியை மிச்சம் வைத்தாள். அதற்கு மறுநாள் இன்னும் கூட்டினேன், இன்னும் மிச்சம் வைத்தாள். சோற்றில் இஞ்சி, முட்டையில் இஞ்சி, தயிரில் இஞ்சி என்று போய், கடைசியில் மகள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்பா, அம்மாவுக்குத்தானே உடம்பு சரியில்ல? எங்களை ஏன்பா தண்டிக்கிறீங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளை மட்டும் சாப்பிடுவதை நிறுத்தினார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டைப் பார்க்காமல் என் வீட்டுக்காரியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "மாமா, அன்னிக்கு அத்தை நல்லா சாப்பிட்டாங்களே, எதுல போட்டுக் குடுத்தீங்க?" என்றார்.

"உங்க நீலத் தட்டுலதான். கேக்காம எடுத்ததுக்கு மன்னிக்கணும். ஆனா தட்டையா திங்கப் போறாங்க?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. கண்ணைப் பாதி மூடிட்டு இந்தத் தட்டைப் பாருங்களேன்."

"எதுக்கு?"

"எங்க வேலையில தட்டு சரியா இருக்கான்னு அப்படித்தான் பார்ப்போம். கண்ணைச் சுருக்கினாலும் சாப்பாடு தெரியணும்."

எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அக்கா, வெள்ளைத் தட்டு, வெள்ளைச் சோறு, வெள்ளை முட்டை, வெள்ளை காலிஃபிளவர், வெள்ளை மீன், வெள்ளைத் தயிர். எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து மறைந்துபோய், என் கண்ணுக்கு முன்னால் ஒரு காலித் தட்டுதான் இருந்தது.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள். "நான் முடிச்சிட்டேன்னுதான் நினைப்பேன்" என்றாள். "நீங்க 'ஏன் மிச்சம் வெச்சே'ன்னு கேட்டப்புறம்தான் இன்னும் இருக்குன்னே தெரியும். அப்புறம் துழாவிச் சாப்பிடறதுக்கு வெக்கமா இருக்கும். போதும்னு சொல்லிடுவேன்." பல மாதமாகவே கண்ணில் பனி மூடின மாதிரி இருந்திருக்கிறது. டிவியில் முகம் தெரியாமல், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறாள். சொன்னால் ஆபரேஷன் என்பார்கள், கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டும், உன் தம்பிதானே, அந்த நேரத்தில், "அப்படின்னா... என் சமையல் நல்லாத்தான் இருந்ததா?" என்று கேட்டுவிட்டேன். மகள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா! இப்ப இதுதான் கேள்வியா?" என்றாள். வீட்டுக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சி போடறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை எங்கள் சாப்பாட்டு மேஜையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். தலைக்கு மேலே கண் கூச எரிந்த பல்பைக் கழற்றிவிட்டு, வேறு கோணத்தில் ஒரு விளக்கு வைத்தார். பூப்போட்ட மேஜை விரிப்பை, "இதுல பூ எது, கீழ விழுந்த பருக்கை எதுன்னு எனக்கே தெரியல அத்தை" என்று சொல்லி மடித்து வைத்தார். சோறும் மீனும் நீலத் தட்டில், கீரை வந்தால் வெள்ளைத் தட்டில். தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று தெரிய, விளிம்பில் சிவப்புக் கோடு போட்ட டம்ளர். கட்டையில் கேரட்டை வைத்து, எப்படிச் சாய்த்து வெட்டினால் சோற்றின்மேல் தனியாகத் தெரியும் என்று எனக்குப் பாடம் வேறு. நான் எதிர்வாதம் செய்து பார்த்தேன். "சாப்பாடுன்னா ருசிதான் மாப்பிள்ளை. அலங்காரம் எல்லாம் அப்புறம்" என்றேன். "வாஸ்தவம் மாமா. ஆனா வாய்க்குப் போறதுக்கு முன்னாடி கண்ணுகிட்ட டிக்கெட் வாங்கணுமே" என்றார். பட்டாணிக்கு எண்ணெய் பூசுகிற ஆளுக்கு இப்படி ஒரு வாய். வீட்டுக்காரி ஒரே வாரத்தில் தேறிவிட்டாள். கத்திக்குப் பயந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். நானும் மகளும் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நான் வேலை செய்யற பாக்கெட்டை எல்லாம் நீங்க ஒருநாளாவது பார்த்துத் திட்டணும்னு ஆசை" என்று மட்டும் சொன்னார். கிளம்பிவிட்டாள்.

கண்புரை ஆபரேஷன் அதிக நேரம் ஆகவில்லை, வலியும் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்து, காற்று வீசி, ஒரு நர்ஸம்மா திட்டியும் விட்டார். கட்டைப் பிரித்ததும் டாக்டர், "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்று முகத்தைக் கொஞ்சம் அழகாக வைத்துக்கொண்டேன். எத்தனை நாள் கழித்து என்னைப் பார்க்கிறாள்! மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "சட்டையில பொத்தானை மாத்திப் போட்டிருக்கார்" என்றாள். டாக்டர், "பார்வை பிரமாதம்" என்று எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். சுவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அலமாரி இடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இதுக்குள்ளயா இத்தனை நாளா சமைச்சீங்க?" என்றாள். அப்புறம் நான் பெருமையோடு நீலத் தட்டில் எடுத்து வைத்த சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்க, எல்லாம் ஏன் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடிவிட்டார். நானும் மகளும் சிரிக்க, அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முழுத் தட்டையும் சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் தேவையாக இல்லை அக்கா, எனக்கு அப்போது.

ஆகவே மாப்பிள்ளை நல்லவர், கெட்டிக்காரர், நீ தேடிக் கொடுத்ததில் குற்றமில்லை என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு மனுஷன் தன் வீட்டில் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போடுவதற்கு முன்னால் "இது திராட்சைதானா?" என்று கேட்டுக்கொண்டா வாழ முடியும்? குளிர்சாதனப் பெட்டியில் பாதிக்குமேல் "சாப்பிடக் கூடாது" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. என் ஜன்னல் போனது, என் நாற்காலி இப்போது குளியலறை வாசலில் இருக்கிறது. அவர்கள் வீட்டு மராமத்தும் முடியும் தறுவாய். எனவே நீ மாப்பிள்ளையின் அம்மாவிடம் பக்குவமாகப் பேசி, மாதக் கடைசிக்குள் அவர்கள் தங்கள் வீட்டுக்குக் கிளம்பும்படி செய்தால், இந்தத் தம்பி உனக்குக் காலத்துக்கும் கடமைப்பட்டிருப்பான். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், எல்லாம் நிஜம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பசித்து, ருசித்து, தட்டு தெரியச் சாப்பிட்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே சொன்னபடி மாப்பிள்ளையின் அம்மாவிடம் எதுவும் பேசிவிடாதே. பேசிவிட்டாயானால் உடனே திருப்பிப் பேசு. இப்போதுதான் மாப்பிள்ளை வந்து, ஒரு சூப் பாக்கெட்டின் மேலே கரண்டி பிடித்த மாதிரி ஒரு கை வேண்டும், வீட்டில் சமைத்துப் பழகின வயசான கையாக இருந்தால் நல்லது, பத்துப் பேரைப் பார்த்தும் சரியாக அமையவில்லை என்றார். பேசிக்கொண்டே என் கையைப் பார்த்தார். அக்கா, உன் தம்பியின் கை நாடெங்கும் கடைகளில் தொங்கப்போகிறது. காலையிலிருந்து ஜன்னலடியில் அசையாமல் கரண்டி பிடித்துப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். இதை எழுதுவது கூட இடது கையால்தான், கோணல் மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இன்னும் சாஸ், ஊறுகாய் என்று வரிசையாக வேலை இருக்கிறதாம், அவர்கள் எங்கேயும் போவதாக இல்லை. நான் போக விடுவதாகவும் இல்லை. பாக்கெட் கடைக்கு வந்ததும் தவறாமல் வாங்கு, அத்தானிடம் காட்டு, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டு. ஆனால் அந்த சூப்பை மட்டும் குடித்துவிடாதே, நான் குடித்துப் பார்த்துவிட்டேன். சாப்பிட வேண்டுமென்றால் இங்கே கிளம்பி வா.